பிள்ளை கையை ஊன்றி விழுந்தால் அது சுளுக்குத்தானா?

எங்கள் பக்கம் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்து அழுதால் வீட்டில் யாராவது ஒருவர் முதலில் சொல்வது, "சுளுக்குத்தான்". அடுத்தது, "எண்ணெய் போட்டு நீவி விடு". இரண்டும் பாசத்தில் வருகிற பேச்சு. நானும் அப்படி நீவி வளர்க்கப்பட்டவள்தான். ஆனால் பெரியவர்கள் கைக்குச் செய்கிற அதே வைத்தியத்தைப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்குச் செய்யக்கூடாது என்பது போன கோடை விடுமுறையில்தான் எனக்கு உறைத்தது.

அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு, கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு வந்திருந்தான். வளவைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், அப்போதுதான் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்த தரை, ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருந்தால் எப்படி வழுக்கும் என்று இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தான். பெரிய வீக்கம் இல்லை, கை வளையவில்லை, விரல்களை ஆட்டினான். அவனுடைய அப்பத்தா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி நீவி விட்டார்கள். மறுநாள் மூசாம்பரப் பற்று. அதற்கு மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து சுளுக்கு வழிக்கிறவர் வந்து இழுத்து விட்டார். நான்காம் நாள் காலையில் பல் தேய்க்க இடது கையை எடுத்தவனிடம் ஏன்டா என்று கேட்டபடி கையைப் பிடிக்கப் போனேன். "அயித்தை, தொடாதீங்க" என்று பின்னால் நகர்ந்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் காரைக்குடிக்கு வண்டி எடுத்தோம். எக்ஸ்ரேயில் முன்கை எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மடிப்பு, தகரக் குவளையை அழுத்தினால் ஒரு பக்கம் நசுங்கிப் புடைக்குமே, அந்த மாதிரி. எலும்பு முறிவு. நான்கு நாட்கள் முறிந்த எலும்பின் மேல் நீவியிருக்கிறோம்.

அவனுக்கு எல்லாம் நல்லபடியாக ஆறிவிட்டது. ஆனால் அந்த நான்கு நாள் வலி அவனுக்குத் தேவையே இல்லாதது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுளுக்கு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். ஒரு எலும்பை இன்னொரு எலும்போடு பிணைத்து வைத்திருப்பவை நார்கள். மூட்டு அளவுக்கு மீறித் திரும்பும்போது அந்த நார் இழுபட்டாலோ கொஞ்சம் கிழிந்தாலோ அதுதான் சுளுக்கு. பெரியவர்களுக்கு எலும்பு இறுகிப் போயிருக்கும், ஆகவே விழுகிற வேகத்தை நார் வாங்கிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு இது தலைகீழ். அவர்களுடைய எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அந்த இடத்தில்தான். அது மென்மையானது, சுற்றியிருக்கும் நார்களைவிட வலுக் குறைந்தது. கையை ஊன்றி விழும்போது நார் இழுபடுவதற்கு முன்னாலேயே அந்தத் தட்டோ அதற்கு ஒட்டிய இளம் எலும்போ விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே பெரியவருக்குச் சுளுக்கு வரவேண்டிய அதே விழுகையில் பத்து வயதுப் பிள்ளைக்கு எலும்பில் அடிபடுகிறது. பிள்ளைகளுக்கு உடம்பில் அதிகம் முறிகிற இடமே மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்புதான்.

பிள்ளைகளுக்குச் சுளுக்கே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், அதுவும் பதின்மூன்று பதினான்கு வயதுக்கு மேல் நன்றாகவே வரும். ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சுளுக்கு என்பது மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்து முடித்தபிறகு கடைசியில் வைக்க வேண்டிய பெயர். நாம் முதலிலேயே வைத்துவிடுகிறோம்.

அந்த வளர்ச்சித் தட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெற்றோர் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்கையில் இரண்டு எலும்புகள், கட்டை விரல் பக்கத்தில் இருப்பது ரேடியஸ். அந்த எலும்பு வளர்கிற நீளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்துத் தட்டிலிருந்துதான் வருகிறது. அங்கே பலமாக அடிபட்டு அந்தத் தட்டு பாதியில் மூடிக்கொண்டால், பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போக இது நின்றுவிடும், மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும். வளர்ச்சித் தட்டு முறிவுகளை 1963-இல் கனடாவைச் சேர்ந்த சால்டர், ஹாரிஸ் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள், இன்றைக்கும் எலும்பு மருத்துவர்கள் சீட்டில் "சால்டர் ஹாரிஸ் 2" என்று எழுதுவது அந்தக் கணக்குத்தான். இதில் முதல் வகை எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டு இருக்கும் இடத்தில் விரல் வைத்தால் பிள்ளை துடிக்கிறது என்றால் நல்ல மருத்துவர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு விரலை நம்புவார், ஒரு கட்டுப் போட்டு அனுப்பி, பத்து நாள் கழித்து மறுபடி பார்ப்பார். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம், அப்புறம் எதற்குக் கட்டு?" என்று அங்கே சண்டை போடாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிலும் இந்தத் தட்டு மூடி எலும்போடு எலும்பாகிவிடும், ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சின்ன எலும்புகளும் இப்படித்தான், பிறக்கும்போது எக்ஸ்ரேயில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. வயது ஏற ஏற ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்து, கடைசி எலும்பு தெரிய ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது ஆகிவிடும். பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் வயதை மறைத்து ஆடுகிறார்களா என்று பார்க்க இந்தியக் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பது இதை வைத்துத்தான். பிள்ளைகளின் படத்தைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வளர்ச்சித் தட்டின் கோட்டைப் பார்த்து முறிவு என்று பயப்படுவதும் உண்டு, முறிவைப் பார்த்துத் தட்டு என்று விட்டுவிடுவதும் உண்டு. முடிந்தால் எலும்பு மருத்துவர் ஒருவர் படத்தைப் பார்க்கட்டும்.

சரி, பிள்ளை விழுந்துவிட்டது, வீட்டில் என்ன பார்ப்பது?

முதலில் பிள்ளையைக் கொஞ்சம் அழ விடுங்கள். அழுகை அடங்கிய பிறகு கையைத் தொடாமல் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அடிபட்ட கையால் முறுக்கை வாங்குகிறதா, இல்லை மற்றக் கையை நீட்டுகிறதா? வாயால் "வலிக்கலை" என்று சொல்கிற பிள்ளையின் கை பொய் சொல்லாது. டாக்டர் ஊசி போடுவார் என்ற பயத்தில் வலியை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. எங்கள் பையன் நான்கு நாளும் அதைத்தான் செய்திருக்கிறான், இடது கையால் சாப்பிட்டால் அப்பத்தா திட்டுவார்கள் என்று பெரியவர்கள் எழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான்.

பிறகு இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கம், நிறம், வளைவு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கை கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தால் அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம், நேரே மருத்துவமனை. வளைவு இல்லையென்றால் உங்கள் ஒரு விரல் நுனியால், ஒரே ஒரு விரலால், வலியில்லாத முழங்கைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எலும்பின் மேலேயே மெதுவாக அழுத்திக்கொண்டு கீழே வாருங்கள். மணிக்கட்டு மடிகிற கோட்டுக்கு ஒரு விரல், இரண்டு விரல் மேலே எலும்பின் மீது குறிப்பாக ஓரிடத்தில் "ஆ" என்று கையை இழுத்தால் அது முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை விரல் பக்கம், சுண்டு விரல் பக்கம் இரண்டையும் பாருங்கள். அப்புறம் உள்ளங்கையை மேலே திருப்பி, கீழே திருப்பச் சொல்லுங்கள், குழாயைத் திருகுகிற மாதிரி. உங்கள் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். திருப்ப முடியவில்லை, பிடி மற்றக் கையில் பாதிகூட இல்லை என்றால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். வீக்கம் இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் எலும்பைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது, உள்ளே எலும்பு மடிந்தாலும் உறை கிழியாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் எலும்பு முருங்கைக் கொம்பு மாதிரி படக்கென்று ஒடியாது, பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் நார் நாராகப் பிளந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, பல முறிவுகள் அப்படித்தான் இருக்கும்.

விரல்களுக்கு ரத்தமும் உணர்ச்சியும் போகிறதா என்று பார்ப்பது இதைவிட முக்கியம். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவப்பாகத் திரும்ப வேண்டும். நரம்புகளைப் பார்க்க ஒரு விளையாட்டு இருக்கிறது, குழந்தை மருத்துவர்களே செய்வது: கல், காகிதம், கத்தரி ஆடச் சொல்வார்கள், கடைசியில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து "சூப்பர்" காட்டச் சொல்வார்கள். கைக்கு வருகிற முக்கியமான நரம்புகள் எல்லாவற்றுக்கும் இந்த நாலில் வேலை இருக்கிறது. ஒன்றைச் செய்ய முடியவில்லை, அல்லது விரல் மரத்துக் கிடக்கிறது, சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடலாம்.

பதினொரு, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் இன்னும் ஓரிடம் பார்க்க வேண்டும். கட்டை விரலை நன்றாக மேலே தூக்கினால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவில் ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுகிற அதே குழி, மருத்துவப் புத்தகங்களிலும் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றுதான் பெயர். அதன் தரையில் படகு வடிவத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஸ்காஃபாய்டு. அங்கே அழுத்தினால் வலி என்றால் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கட்டுப் போட்டுப் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் வருகிற வழி குறுகலானது, கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும். சைக்கிளிலிருந்து விழுந்த எட்டாம் வகுப்புப் பையன் "சுளுக்கு" என்று ஆறு மாதம் சுற்றிவிட்டு வருவது பெரும்பாலும் இந்த எலும்போடுதான்.

மூன்று வயதுக் குழந்தை மணிக்கட்டைக் காட்டி அழுதால் கதை வேறு. திண்ணைக்கு ஏற்றிவிட, உயரமான நிலைப்படியைத் தாண்டவைக்க, கல்யாணக் கூட்டத்தில் கூடவே நடக்கவைக்க என்று நாம் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்குகிறோம், வெடுக்கென்று இழுக்கிறோம். அப்படி இழுத்த உடனே குழந்தை வீலென்று கத்திவிட்டு, பிறகு கையைத் தொங்கவிட்டு ஆட்டாமல் வைத்துக்கொள்ளும். வீக்கம் இருக்காது. எங்கே வலி என்றால் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டும், ஆனால் கோளாறு முழங்கையில் இருக்கும், அங்கே எலும்பைச் சுற்றியிருக்கும் ஒரு வளைய நார் நழுவியிருக்கும். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இது சகஜம். தெரிந்த மருத்துவர் சில விநாடியில் சரிசெய்துவிடுவார், கால் மணி நேரத்தில் குழந்தை அதே கையை நீட்டி பிஸ்கட் வாங்கும். இதில் மணிக்கட்டை நீவி ஒரு பயனும் இல்லை. குழந்தைகளைக் கையைப் பிடித்துத் தூக்காமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள், இதை வீட்டில் விளையாட்டுக்காகக் கையைப் பிடித்துச் சுற்றுகிற அம்மான்மார்களிடமும் சொல்லி வையுங்கள்.

விழுந்த உடனே செய்ய வேண்டியதில் முதல் வேலை வளையல், காப்பு, மோதிரம், மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் கழற்றுவது. கயிறு சாமி கயிறாகவே இருக்கட்டும், வெட்டுங்கள், பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டால் வெள்ளிக் காப்பு கழலாது, கையை இறுக்கும். அப்புறம் கையை ஆடாமல் வைக்க வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையை மடித்து முன்கைக்குக் கீழே உள்ளங்கை வரை வைத்து, மேலே துணியைத் தளர்வாகச் சுற்றி, ஒரு துண்டைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். பாதி வலி அதிலேயே குறைந்துவிடும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாளுக்கு. தோலில் நேராக ஐஸ் படக்கூடாது. படுக்கும்போது கை தலையணை மேல் உயரமாக இருக்கட்டும்.

வலி மருந்தில் பாராசிட்டமால் போதும். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். இருபது கிலோ பிள்ளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். இங்கே கவனம் வேண்டும், கடையில் கிடைக்கிற சிரப் எல்லாம் ஒரே அடர்த்தி கிடையாது, ஐந்து மில்லியில் 120 உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. போன தடவை ஒரு மூடி கொடுத்தோம் என்று இந்தத் தடவையும் ஒரு மூடி கொடுக்காதீர்கள், பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. நிமசுலைடு என்ற மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க இந்திய அரசு 2011-இலேயே தடை போட்டுவிட்டது, வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கை வளைந்து கிடந்தால் மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்க வேண்டிவரலாம், ஆகவே போகிற வழியில் காபி, சோடா, டிபன் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள்.

இனி நீவுவதைப் பற்றி. எனக்கு நாட்டு வைத்தியத்தின் மேல் கோபம் இல்லை. பெரியவர்களுக்குத் தசைப்பிடிப்பில் எண்ணெய் போட்டு உருவினால் சுகமாக இருக்கிறது, நொச்சி ஒத்தடம் இதமாக இருக்கிறது, அதெல்லாம் உண்மை. கால் முதலில் வெளிவந்து பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுச் சுளுக்கு போகும் என்று நம்பி வரிசையில் நின்றவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளின் மணிக்கட்டில் அடிபட்டு முதல் சில நாட்களில் சூடான ஒத்தடம் வைப்பதும் தேய்ப்பதும் உள்ளே கசிகிற ரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டும். இழுத்து விடுவது இன்னும் மோசம், லேசாக மடிந்து தானாக ஆறவேண்டிய எலும்பு நகர்ந்துபோகலாம், வளர்ச்சித் தட்டு இன்னொரு அடி வாங்கலாம். வழித்ததும் "சடக்" என்று சத்தம் வந்தது, சுளுக்கு விட்டுவிட்டது என்பார்கள். அந்தச் சத்தம் எதிலிருந்து வந்தது என்று படம் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. புளியும் உப்பும் காய்ச்சிப் போடுகிற பற்று, மூசாம்பரம் இவற்றை வெறுமனே மேலே பூசினால் எலும்புக்குக் கெடுதல் வராதுதான், ஆனால் கொதிக்கக் கொதிக்கப் போட்டுப் பிள்ளையின் தோல் வெந்துபோகிறது, வீக்கமும் நிறமும் மறைந்துபோகின்றன, எல்லாவற்றையும்விட "வைத்தியம் பார்த்துவிட்டோம்" என்ற நிம்மதியில் நாள் ஓடிவிடுகிறது. பிள்ளைகளின் எலும்பு வேகமாகச் சேரும். அது வரம்தான், ஆனால் கோணலாக இருந்தாலும் அதே வேகத்தில் சேர்ந்துவிடும். முதல் நாள் சுலபமாக நேராக்கக்கூடிய எலும்பைப் பத்தாம் நாள் அசைக்க முடியாது. வளர்ச்சித் தட்டு முறிவென்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆனபிறகு அதை இழுத்து நேராக்கவே மருத்துவர்கள் தயங்குவார்கள், இழுப்பதே தட்டைக் கெடுத்துவிடும்.

கட்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் தமிழ்நாடு முழுக்கக் கட்டுப் போடுகிற இடங்கள் இருக்கின்றன. மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, துணி. முட்டை வெள்ளைக்கரு காய்ந்தால் எவ்வளவு இறுகும் என்று செட்டிநாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம், நூறு வருஷத்துக்கு மேலாகப் பளபளக்கிற நம் வீட்டுச் சுவர்ப் பூச்சே சுண்ணாம்போடு அதைச் சேர்த்து இழைத்ததுதானே. சுவர் வீங்காது, கை வீங்கும். முறிந்த கை முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும்போது சுற்றிலும் இறுகிய கட்டு இருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் அப்படி இருந்தாலே தசை செத்துப்போக ஆரம்பிக்கும், பிறகு விரல்கள் பறவைக் கால் மாதிரி மடங்கி நின்றுவிடும். 1881-இலேயே ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இறுகிய கட்டால் வருகிற இந்த ஊனத்தை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். மருத்துவமனையில் போடுகிற மாவுக்கட்டிலும் இது வரலாம், அதனால்தான் முதலில் முழுக்கட்டுப் போடாமல் பாதிக் கட்டாக, ஸ்லாப் போட்டு அனுப்புகிறார்கள். யார் போட்ட கட்டாக இருந்தாலும் சரி, விரல் நீலமாகிறது, மரத்துப்போகிறது, விரலை மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை அலறுகிறது, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மணிக்கட்டுப் படத்தில் படுகிற கதிர்வீச்சு, சும்மா ஊரில் நடமாடும்போது ஒரு நாளில் இயற்கையாக நம் மேல் படுவதைவிடக் குறைவு. நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் வேண்டும், ஒரே படத்தை வைத்து முடிவு சொன்னால் இன்னொன்று கேளுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே இருக்கிறது. பெரிய சிக்கலென்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி, மதுரை.

எலும்பு என்று தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் பெரிய கட்டு வேண்டும் என்பதில்லை. எங்கள் பையனுக்கு வந்த நசுங்கல் முறிவு இருப்பதிலேயே சாதுவானது, அது நகராது. பிரிட்டனில் 4 முதல் 15 வயது வரை உள்ள 965 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2022-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்குக் கெட்டியான தப்பைக் கட்டு, பாதிப் பேருக்கு வெறும் துணிக்கட்டு, அதுவும் வேண்டுமானால்தான். மூன்றாம் நாள் வலியிலும் சரி, அடுத்த வாரங்களில் கை வேலை செய்வதிலும் சரி, இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே மருத்துவர் கழற்றி மாட்டுகிற பட்டையைக் கொடுத்து "மூன்று வாரம் போதும்" என்று சொன்னால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் இது நசுங்கல் முறிவு என்று படத்தில் உறுதியானவர்களுக்கு மட்டும். பச்சைக் கொம்பு மாதிரி பிளந்ததற்கு நாலிலிருந்து ஆறு வாரம் மாவுக்கட்டு வேண்டியிருக்கும்.

எல்லாம் பார்த்து இது சுளுக்கேதான் என்று ஆனால், அதற்கு வைத்தியம் எளிது. எலும்பின் மேல் அழுத்தினால் வலி இருக்காது, மூட்டின் மடிப்பில், மென்மையான இடத்தில்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் தெளிவாகக் குறைய ஆரம்பிக்கும். ஒரு வாரம், பத்து நாள் கிரேப் பேண்டேஜோ பட்டையோ போட்டு, முதல் இரண்டு நாள் ஐஸ், பிறகு வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல அசைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டலாம், சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுக்கலாம், எங்கள் பையனுக்குக் கட்டு எடுத்தபிறகு அப்பத்தாவோடு பல்லாங்குழி ஆடியதுதான் நல்ல பயிற்சியாக இருந்தது, சோழியை அள்ளவும் ஒவ்வொன்றாகப் போடவும் விரலும் மணிக்கட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். கபடி, சிலம்பம், கிரிக்கெட், சைக்கிள் எல்லாம் பிடி மற்றக் கைக்குச் சமமாக வந்த பிறகு, கையை ஊன்றி எழும்போது வலி இல்லாத பிறகு. சுளுக்கு என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு ஒரு வாரம், பத்து நாளில் நல்ல முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி காட்டியே ஆக வேண்டும்.

விழாமலே மணிக்கட்டு வீங்கினால் அது இந்தக் கட்டுரையில் அடங்காத விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு ஒரு மணிக்கட்டு மட்டும் சிவந்து வீங்கி அசைக்க விடாவிட்டால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் விறைப்பு, வாரக்கணக்கில் வீக்கம் என்றால் பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதமா என்று கேளுங்கள். சின்னக் குழந்தைக்கு இரண்டு மணிக்கட்டும் வலியில்லாமல் தடித்துத் தெரிந்தால் வைட்டமின் டி குறைவால் வருகிற எலும்பு நோயாக இருக்கலாம். இன்னும் நடக்கவே பழகாத குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தால், அது எப்படி நடந்தது என்று யாராக இருந்தாலும் விடாமல் கேட்க வேண்டும்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு நம்மூர் வெயிலில் பெரிய தொல்லை அரிப்பு. ஈர்க்குச்சி, ஊக்கு, ஸ்கேல் எதையும் உள்ளே விடக் கூடாது, தோல் கிழிந்து உள்ளேயே புண்ணாகும். மேலே லேசாகத் தட்டலாம், மின்விசிறிக் காற்றில் காட்டலாம். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டி, கையைத் தண்ணீரிலிருந்து ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், ஊரணிப் பக்கமே போகக் கூடாது. கட்டு எடுத்த பிறகு கை மெலிந்து, தோல் உரிந்து, முறிந்த இடத்தில் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படும். அது புது எலும்பு, சில மாதங்களில் கரைந்துவிடும், அதைக் கரைக்கிறேன் என்று யாரும் உருவ வர விடாதீர்கள். லேசான வளைவோடு சேர்ந்திருந்தாலும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வளர வளர எலும்பே தன்னை நேராக்கிக்கொள்ளும், எவ்வளவு வளைவு வரை விடலாம் என்பதை மருத்துவர் வயதை வைத்துச் சொல்வார்.

வளர்ச்சித் தட்டில் முறிவு என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் கட்டு எடுத்ததோடு வேலை முடியவில்லை. கை நன்றாக இருக்கிறது, பிள்ளை ஓடியாடுகிறது, எதற்கு இன்னொரு தரம் போக வேண்டும் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து ஒருமுறை, வேண்டுமென்றால் ஒரு வருஷம் கழித்து இன்னொருமுறை படம் எடுத்து, தட்டு திறந்திருக்கிறதா, இரண்டு எலும்பும் சமமாக வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தத் தேதியை மாத நாட்காட்டியில் குறித்து வையுங்கள், பழைய படங்களையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.